குசினி விளக்கும் கொடிக்கம்பியும்

லெட்சுமணனைப் போன்ற ஒரு பயந்தாங்கொள்ளி கரண்ட் வேலைக்கு வந்ததே அதிசயம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறுவான். நாலு படி ஏறியதும் சந்தேகம் வந்துவிடும். இறங்கிப் போய், அணைத்தது அணைத்தபடிதான் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்ப்பான். வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று மறுபடி ஏறுவான். யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எஞ்சின் கொட்டகையில் அவனோடு வேலை செய்த ஒருவன், ஈரக்காலோடு டைனமோ பக்கத்தில் நின்றவன், ஒரு சத்தமும் போடாமல் சரிந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் அவன். அன்றிலிருந்து ரப்பர் அடி வைத்த கேன்வாஸ் சப்பாத்து இல்லாமல் ஒரு வயரையும் தொட்டதில்லை. தூங்கும்போது மட்டும்தான் அந்தச் சப்பாத்தைக் கழற்றுகிறார் என்று அவன் மனைவி பேச்சியம்மாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பனும் ஆத்தாளும் தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியே காலத்தைக் கழித்தவர்கள். இவன் மட்டும் எப்படியோ தட்டுத் தடுமாறிப் படித்து, கரண்ட் இலாகா இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று பரீட்சை கொடுத்து, வயர்மேன் கார்டு வாங்கிவிட்டான். ஒரு புகையிலை டப்பாவுக்குள் அந்தக் கார்டை வைத்திருந்தான். அது கையில் இருக்கும்வரை வயர்மேன், போய்விட்டால் மறுபடி பால்மரம். முப்பதுகளில், மலாயாவில் பத்து பாகாட் என்ற ஊருக்குள் கரண்ட் வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்த சமயம் அது. வேலைக்குக் குறைவில்லை. பயத்துக்கும் குறைவில்லை.

கதிரேசு வீட்டுக்கு வயர் இழுத்தவன் இவன்தான். கதிரேசு யாழ்ப்பாணத்தார், அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா. சட்டைக் காலர் கலையாத மனிதர். வாடகைக்கு எடுத்த பலகை வீடு, பின்பக்கம் சிமெண்டுத் தரை போட்ட சமையலறை. அதை அவர்கள் குசினி என்றார்கள். வேலை தொடங்கிய முதல் நாளே அவர், "உந்தக் கதிரையை அங்காலை தள்ளி வையும்" என்றார். லெட்சுமணனுக்குக் கதிரை என்றால் என்னவென்று தெரியவில்லை. "எதைங்கய்யா?" என்று கேட்டான். கதிரேசு நாற்காலியைக் காட்டிவிட்டுச் சிரித்தார்.

"தமிழனுக்குத் தமிழ் விளங்கேல்லை. தோட்டத்திலை என்னதான் கதைக்கிறீங்களோ!"

அவர் அதை அப்போதே மறந்திருப்பார். இவன் மறக்கவில்லை. அந்த வீட்டில் இனி ஒரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்பதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டான். ரோஷம்தான், வேறென்ன.

குசினிக்கு வயர் போடும்போது சிவப்பு வயர் தீர்ந்துவிட்டது. கரண்ட் வரும் வயர் சிவப்பு, திரும்பிப் போகும் வயர் கறுப்பு என்பது கணக்கு. மறுநாள் வெள்ளிக்கிழமை, நல்ல நாள், வீடு முழுக்க விளக்கு எரிந்தாக வேண்டும் என்று கதிரேசு தலைமேல் நின்றார். சிவப்பு வயருக்குச் சிங்கப்பூருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க நேரமில்லை. இரண்டுக்கும் கறுப்பையே போட்டான். அடையாளத்துக்கு ஒன்றில் முடிச்சுப் போட்டான். போட்டானா? போட்டதாகத்தான் நினைவு. வெள்ளிக்கிழமை மாலை குசினி விளக்கு பளிச்சென்று எரிந்தது, எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அந்த முடிச்சு மட்டும் அவன் மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்று மாதம் கழித்துக் கதிரேசுவிடமிருந்து ஆள் வந்தது. குசினியில் கரண்ட் அடிக்கிறதாம். லெட்சுமணன் அப்போதே கிளம்பினான். சைக்கிளை மிதிக்கும்போதே முடிச்சு, முடிச்சு என்று மனம் அடித்துக்கொண்டது.

கதிரேசு வாசலிலேயே அவனை நிறுத்திக் குரலைத் தணித்துக்கொண்டு பேசினார். "கேளும். கறண்ட் ஒண்டும் அடிக்கேல்லை. நானும் தொட்டுப் பாத்தனான். என்ரை மனுசிக்குத்தான் மனசு சரியில்லை. உடுப்புக் காயப்போடுற கம்பி கடிக்குது எண்டு சொல்லுறா. ஈர உடுப்பெல்லாம் வாளிக்குள்ளை கிடந்து மணக்குது. டொக்டர் மருந்தும் குடுத்தாச்சு. நீர் ஒருக்காப் பாத்து, ஒண்டுமில்லை எண்டு அவவின்ரை முகத்துக்கு நேரை சொல்லும்."

அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவருக்கும் பயம்தான்.

அவருடைய மனைவி ஞானேஸ்வரி குசினி வாசலில் நின்றாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வெறுங்கால், ஈரம் சொட்டும் கை. சுவரிலிருந்து வெளியே நட்டிருந்த தென்னங்கட்டைத் தூண்வரை ஓடிய கொடிக்கம்பியை விரலால் காட்டினாள். விரலைக்கூட அதன் பக்கம் கொண்டுபோகவில்லை.

"தம்பி, லைற் நூந்திருக்கேக்கை தான் அடிக்குது. வேறை நேரம்…"

"உதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறா" என்று கதிரேசு குறுக்கிட்டார். "கேட்டீரே? எவனாவது நம்புவானே?"

நூந்திருக்கேக்கை. அந்தச் சொல் லெட்சுமணனுக்குப் பிடிபடவில்லை. கேட்கலாம் என்று வாய் எடுத்தான். கதிரேசு பக்கத்திலேயே நின்றார். கதிரை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டான். விளக்கு எரியும்போது அடிக்கிறது என்கிறாள் போலிருக்கிறது, வேறென்ன இருக்க முடியும் என்று தானாகவே முடிவு செய்துகொண்டான்.

சுவிட்சைப் போட்டான். விளக்கு எரிந்தது. ரப்பர் சப்பாத்தோடு நின்று புறங்கையால் கம்பியைத் தொட்டான். ஒன்றுமில்லை. டெஸ்ட் லாம்பை எடுத்தான். அது வேறொன்றுமில்லை, ஒரு ஹோல்டர், அதில் ஒரு பல்பு, இரண்டு நீள வயர். ஒரு வயரைக் கொடிக்கம்பியிலும் மற்றதை முற்றத்துத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தான். கம்பியில் கரண்ட் இருந்தால் பல்பு எரிய வேண்டும். எரியவில்லை. இன்னொரு தடவை வைத்தான். எரியவில்லை.

அப்போது அவனுக்கு வந்த நிம்மதியைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். முடிச்சு சரியாகத்தான் போட்டிருக்கிறோம், கார்டு தப்பித்தது, இதுதான் அவன் நினைத்தது. கூரைக்குள் ஏறி வயரைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது தென்பட்டுவிடுமோ என்று பயம். எதற்கெடுத்தாலும் இரண்டு தடவை பார்க்கிறவன், பார்க்க வேண்டிய இடத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"ஒன்னுமில்லீங்கம்மா. கம்பியில கரண்ட் இல்ல" என்றான்.

ஞானேஸ்வரி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு வாளியிலிருந்த ஈரச் சேலையை எடுத்து, கதவின் மேலேயே விரித்துப் போட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை செல்லப்பாக்கியம் வீட்டில் வேலை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு யாழ்ப்பாணத்து அம்மாள், வாய் ஓயாதவர். கழன்றுபோன ஹோல்டரை அவன் மாற்றும்போது ஏணிக்குக் கீழே நின்று ஊர்க்கதை சொன்னார்.

"கதிரேசுவின்ரை மனுசி இண்டைக்கு ஊருக்குப் போறா. பதினொரு மணிக்குக் கார் வருதாம். குளுவாங்கிலை றெயில், பிறகு சிங்கப்பூரிலை கப்பல். விசர், மூளை பிழைச்சிட்டுது எண்டு அவவின்ரை தேப்பனுக்குக் கதிரேசு கடிதமும் எழுதிப்போட்டார். பாவம், இனி ஆர் அவவைத் திருப்பிக் கூப்பிடப் போகினம்? உம்மைத்தானே கூப்பிட்டுப் பாத்தவை. வயர்மேனே ஒண்டுமில்லை எண்டிட்டானாம்."

லெட்சுமணன் கையிலிருந்த திருப்புளி நின்றது. தான் சொன்ன ஒரு சொல் கடிதத்தில் ஏறிக் கடல் தாண்டப்போகிறது என்று அவன் நினைத்ததே இல்லை. இறங்கி வந்து சுவிட்சைப் போட்டான். பல்பு எரிந்தது.

"நல்லது. பகலிலை என்னத்துக்கு எரியவேணும்? நூத்துப்போட்டுப் போம்."

"என்னங்கம்மா?"

"நூத்துப்போடும் எண்டுறன். லைற்றை நூத்துப்போடும்."

அவன் அசையாமல் நின்றான். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, தானே போய்ச் சுவிட்சை அணைத்தார். "இதுதான் நூக்கிறது. இப்ப லைற் நூந்துபோச்சு. விளங்கிச்சோ?"

விளங்கியது. காலடித் தரை நழுவுகிற அளவுக்கு விளங்கியது.

விளக்கு அணைந்திருக்கும்போதுதான் அடிக்கிறது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அவன் விளக்கைப் போட்டுவிட்டுப் பார்த்திருக்கிறான். யார் கேட்டாலும் அது பைத்தியக்காரப் பேச்சுதான், அணைந்த விளக்கில் ஏது கரண்ட்? ஆனால் வயர்மேனுக்கு அது பைத்தியக்காரப் பேச்சு அல்ல. சுவிட்சு கரண்ட் வருகிற வயரை அறுக்க வேண்டும். முடிச்சு மாறி, திரும்பிப் போகிற வயரை அறுத்தாலும் விளக்கு அணையத்தான் அணையும். ஆனால் கரண்ட் பல்புக்குள் புகுந்து மறுபக்கம் வந்து, சுவிட்சுவரை வயருக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும், அந்த வயர் எங்காவது கொடிக்கம்பியில் பட்டால் கம்பிக்கும் வரும். சுவிட்சைப் போட்டால்தான் அதற்குப் போக வழி கிடைக்கும். வழி கிடைத்துவிட்டால் யாரையும் கடிக்காது.

கூலியைக்கூட வாங்காமல் சைக்கிளில் ஏறினான். பத்தரை இருக்கும். வெயில் மண்டையைப் பிளந்தது. மிதிக்க மிதிக்க இரண்டு பயம் அவனைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. போகிற அவசரத்தில் அவள் அந்தக் கம்பியை எட்டிப் பிடித்தால்? பகல், விளக்கு அணைந்திருக்கும், தரை ஈரமாக இருக்கும். இத்தனை நாள் கடித்ததோடு விட்டது, இன்றைக்கும் விடும் என்று என்ன உறுதி? மற்றப் பயம் சட்டைப்பையில் இருந்தது, புகையிலை டப்பாவுக்குள். உண்மையைச் சொன்னால் கார்டு போகும்.

சொல்லாமலும் செய்யலாமே என்று ஒரு யோசனை பாலத்துப் பக்கம் வரும்போது வந்தது. கார் போகும்வரை தெருமுனையில் நிற்பது. பிறகு உள்ளே போய், சுவிட்சைத் துடைக்கிறேன் என்று சொல்லி வயரை மாற்றிவிடுவது. யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு உயிர்ப்பயம் இல்லை, அவள் ஊரில் இருப்பாள். விசர் என்ற பெயரோடு இருப்பாள், அவ்வளவுதானே.

தெருமுனையில் சைக்கிளை நிறுத்தவும் செய்தான். அங்கிருந்து பார்த்தால் வீட்டு முன் கார் நிற்பது தெரிந்தது. தகரப் பெட்டியைப் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசற்படியில் ஞானேஸ்வரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கைகளை மடியில் மல்லாத்தி வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்னது கைகள்தானோ என்று சோதிப்பவளைப் போல இருந்தது அது. லெட்சுமணன் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான்.

"ஐயா! இன்னொரு தடவ பாக்கணுங்க!"

கோட்டுப் போட்டுப் புறப்பட்டு நின்ற கதிரேசு எரிச்சலோடு திரும்பினார். "பாத்துச் சொன்னனீர்தானே? இப்ப என்ன? றெயில் போயிடும்."

"நான் பாத்தது தப்புங்க. அம்மா சொன்னது ஒன்னு, நான் பாத்தது ஒன்னு. அஞ்சு நிமிஷம் குடுங்க. எதுவும் இல்லைன்னா என் கார்ட நீங்களே கிழிச்சுப் போடுங்க."

டப்பாவை எடுத்து அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போனான். கதிரேசு டப்பாவோடு பின்னால் வந்தார். ஞானேஸ்வரி எழுந்து வந்து குசினி வாசலில் நின்றாள்.

விளக்கு அணைந்திருந்தது. லெட்சுமணன் டெஸ்ட் லாம்பின் ஒரு வயரைத் தண்ணீர்க் குழாயில் சுற்றினான். மற்ற வயரைப் பிடித்துக்கொண்டு கொடிக்கம்பியை நோக்கிக் கையை நீட்டினான். எரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். தன் தப்பு வெளியே வரட்டும் என்று வேண்டிக்கொண்ட முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான்.

வயர் கம்பியில் பட்டது. கையிலிருந்த பல்பு சிவப்பாகக் கண் விழித்தது. யாரும் தொடாத குசினி விளக்கும், சுவிட்சு அணைந்தபடியே இருக்க, அதே மங்கல் சிவப்பில் மெல்ல எரிந்தது.

கதிரேசு வாயைத் திறந்தபடி விளக்கைப் பார்த்தார். சுவிட்சைப் பார்த்தார். மறுபடி விளக்கைப் பார்த்தார்.

"இப்ப சுவிட்சப் போடுங்கய்யா" என்றான் லெட்சுமணன். போட்டார். குசினி விளக்கு பளிச்சென்று எரிந்தது, கையிலிருந்த பல்பு செத்துப்போனது. "இப்ப நூத்துங்க."

அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்ததும் ஞானேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். கதிரேசு சுவிட்சை அணைத்தார். இரண்டு பல்பும் மறுபடி மங்கலாக எரிந்தன.

"அம்மா சொன்னது சத்தியமான வார்த்தைங்க. நூந்திருக்கையிலதான் அடிக்கும்."

"நான் தொட்டுப் பாத்தனானே! எனக்கு ஏன் அடிக்கேல்லை?" என்றபடி கதிரேசு கையை நீட்டிக்கொண்டு கம்பிக்குப் போனார்.

"தொடாதேங்கோ!"

ஞானேஸ்வரி போட்ட சத்தத்தில் கார் டிரைவர் வெளியிலிருந்து ஓடி வந்தான். அவள் கணவனின் கோட்டைப் பின்னால் பற்றி இழுத்திருந்தாள். அவர் கால்களைப் பார்த்து லெட்சுமணன் சொன்னான். "நீங்க எப்பவும் மிதியடி போட்டிருப்பீங்க. நான் ரப்பர் சப்பாத்து. அம்மா வெறுங்கால்ல ஈரத்துல நிக்கிறாங்க. அவங்களத்தாங்க அடிக்கும்."

மெயினை அணைத்தான். இரண்டு தடவை பார்த்தான். சுவரில் கொடிக்கம்பி மாட்டியிருந்த இரும்புக் கொக்கியைப் பிடுங்கினான். அதன் ஆணி, வயர் ஓடும் மரச்சட்டத்தைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. நுனியில் செம்பு தேய்ந்த பளபளப்பு.

"இத யாருங்க அடிச்சது?"

கதிரேசு மெல்லச் சொன்னார். "நான்தான். பின்னேரம் ஒருநாள், உடுப்புக் காயப்போட இடமில்லை எண்டு…"

"ஆணி உங்களுது. வயர மாத்திப் போட்டது நானுங்க. செவப்பு தீந்து போச்சு, முடிச்சு மாறிப்போச்சு. ரெண்டும் சேந்துதான் அம்மாவக் கடிச்சிருக்கு."

கதிரேசுவின் முகம் சிவந்தது. வெட்கம் கோபமாக மாற அதிக நேரம் பிடிக்கவில்லை. "ஆள் செத்திருந்தால் என்ன செய்வீர்? இன்ஸ்பெக்டருக்கு எழுதுறன். இண்டைக்கே எழுதுறன்!"

"எழுதுங்கோ" என்றாள் ஞானேஸ்வரி. "ஆணியையும் சேர்த்து எழுதுங்கோ. எழுதி முடிச்சுப்போட்டு, எனக்கு விசர் எண்டு ஊரிலை என்ரை ஐயாவுக்கு எழுதினீங்களே, அதுக்கும் மறுகடிதம் எழுதுங்கோ. நான் வாசிச்சுப்போட்டுத்தான் தபாலிலை போடவேணும்."

அவர் கையிலிருந்த புகையிலை டப்பாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு டிரைவரிடம், பெட்டியை அவிழ்த்து உள்ளே கொண்டுவரச் சொன்னார்.

இரண்டு கடிதமும் போயின. இன்ஸ்பெக்டர் முன்னால் லெட்சுமணன் நின்றபோது, கதிரேசுவின் கடிதத்தை அவர் உரக்க வாசித்தார். அதில் ஆணி இருந்தது. கொக்கியை அடித்தது தானே என்று அழகான கையெழுத்தில் கதிரேசு எழுதியிருந்தார். மூன்று மாதம் கார்டு இல்லை என்று தீர்ப்பாயிற்று. அந்த மூன்று மாதமும் யோங் பெங்கில் பால்மரம் வெட்டினான் லெட்சுமணன். விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் நடக்கும்போது, சைக்கிளை நிறுத்திவிட்டுத் தெருமுனையில் நின்ற அந்த நேரம் அடிக்கடி நினைவுக்கு வரும். அங்கேயே நின்றிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசும். கார்டு போனதற்கு அப்படிக் கூசவில்லை.

கார்டு திரும்பி வந்த வாரமே கதிரேசு வீட்டிலிருந்து ஆள் வந்தது. முன்னறைக்கு இன்னொரு விளக்குப் போட வேண்டுமாம். போனான். கதிரேசு அலுவலகம் போயிருந்தார். குசினிக்கு வெளியே தேங்காய்நார்க் கயிறு கட்டி, அதில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஞானேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"தம்பி, ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு நான் நூந்திருக்கேக்கை எண்டு சொன்னனான். நீர் ஏன் லைற்றைப் போட்டுப் பாத்தனீர்?"

"எனக்கு அந்தச் சொல்லு புரியலம்மா."

"கேட்டிருக்கலாமே."

லெட்சுமணன் தலையைக் குனிந்துகொண்டு கதிரை கதையைச் சொன்னான். தோட்டத்து ஆளுக்குத் தமிழ் தெரியாது என்று மறுபடி சிரிப்பார்களோ என்று பயந்ததைச் சொன்னான். எத்தனையோ பயத்தைப் பார்த்தவன், அதைவிட மோசமான பயம் ஒன்றைத் தான் பட்டதில்லை என்றும் சொன்னான்.

"உம்மடை தமிழிலை எனக்கும் பாதி விளங்கிறதில்லை" என்றாள். "நானும் பயத்திலை கேக்கேல்லை. நீர் அண்டைக்குக் கடைசியாச் சொன்னது என்ன, 'கரண்ட் இல்ல'. அது மட்டும் எனக்கு வடிவா, நல்லா விளங்கிச்சுது."

அவன் தேத்தண்ணியைக் குடிக்க முடியாமல் வைத்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து, சப்பாத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முன்னறைக்குப் போய் ஏணியைச் சாத்தினான்.

"அம்மா, வெளக்கு எந்த எடத்துல வேணும்னு சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க. புரியலைன்னா கேப்பேன்."